றை அல்ல, று

செங்கலடிச் சந்தியில் பருப்பு வடை.
கரடியனாற்றில் மாடுகள் எழும்பும்வரை காத்திருப்பு.
புல்லுமலை தாண்டியதும் டெரன்ஸ் பாத்தலட்
வானை ஓரங்கட்டி மூடியைத் திறந்தான்.
ஆவி முகத்தில் அடித்தது.
"இதுக்குள்ளயும் ஒண்டு இரிக்கு,
காசு மிச்சம், திரும்புவமா?" என்றான்.

போயா விடுமுறை.
நீதிமன்றத் தட்டெழுத்து அறை முழுவதும்,
அதாவது நாங்கள் மூன்று பேர்,
மகா ஓயாவுக்கு.

என் மணிக்கட்டுக்கு மருந்து என்றுதான் பேச்சு.
பதினெட்டு வருடம் சாட்சியம் அடித்த மணிக்கட்டு.
கண்டேன் என்றவரையும்
ஞாபகம் இல்லை என்றவரையும்
ஒரே வேகத்தில் அடித்தது.
இப்போது தேங்காய் திருவ மாட்டேன் என்கிறது.

வாசலில் பலகை. மூன்று மொழி, நடுவில் தமிழ்:
வெந்நீர் ஊற்றை.
று இருக்கவேண்டிய இடத்தில் றை.
எங்கள் பக்கம் வாய்விட்டு வாசித்தால் அது ஊத்தை.
வெந்நீர் அழுக்குக்குள்
ஆளுக்கொரு சீட்டு வாங்கி நுழைந்தோம்.
குலமங்கை மட்டும் சிரிக்கவில்லை.
அவள் பிழை பார்ப்பவள்;
பிறர் பிழைக்குச் சிரித்தால்
மறுநாள் தன் தாளில் அது வந்து நிற்கும் என்பாள்.

கிணறு என்றும் சொல்ல வராது.
சீமெந்துச் சதுரங்கள், முழங்கால் உயரக் கட்டு,
ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோபம்.
ஒன்று கை வைக்கலாம். ஒன்று பிளேன்ரீ.
ஓரத்தில் இருப்பதில் இரண்டு பொடியன்கள்
முட்டையைச் சொப்பிங் பையில் கட்டி இறக்கி
ஒரு மணித்தியாலமாக வாதாடுகிறார்கள்:
அவிந்ததா, இல்லையா.
தீர்ப்புக்குத் திகதியில்லை.

வாளியை அதற்குள் விடப்போனேன்.
ஒரு சிங்களப் பெண் நாக்கைச் சொட்டினாள்.
இதில் பாதி, அதில் பாதி என்று
தன் வாளியில் கலந்து காட்டினாள்,
மருந்துக் கலவைக்காரியின் கண்டிப்போடு.
ஊற்றினேன்.
மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.
யாரும் கேட்காத தோள்தான்
இளகி, இளகி,
எதையோ ஒப்புக்கொண்டது.

அப்போதுதான் பஹீமாவின் கைபேசி.
சீனாவில் வைத்தியம் படிக்கும் தம்பி சப்றி.
"தாத்தா, நான் நிக்கிற இடத்தப் பாருங்க."
அவன் ஊரிலும் ஊற்று, நகரத்து நடுவில், பூங்காவாக.
கல் விளிம்பு. கீழே கூழாங்கல் எண்ணலாம்.
சிவப்பு மீன்கள்.
கம்பளித் தொப்பிக்காரர்கள் வரிசையில் நின்று
கலன் கலனாகப் பிடித்துப் போகிறார்கள்,
தேநீருக்காம்.
"குளிர், தாத்தா, கை விறைக்கிது,
ஆனா கொப்புளம் கொப்புளமா வருது, கொதிக்கிறாப்போல."

"இஞ்சயும் வருது, பாருகா"
என்று பஹீமா கைபேசியைக் கட்டுக்கு மேல் பிடித்தாள்.
அங்கிருந்து ஒரு ஊற்று, இங்கிருந்து ஒரு ஊற்று,
நடுவில் இரண்டு அங்குலக் கண்ணாடி.
இரண்டும் பார்த்திருக்கும்,
எங்கள் ஆவி ஏறி மூடாமல் இருந்தால்.
"ஒண்டும் தெரியல்ல தாத்தா. எல்லாம் வெள்ளை."
பிறகு சிக்னலும் போயிற்று.
அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்,
கொஞ்சம் அதிக நேரம்.

புறப்படும்போது குலமங்கையைக் காணவில்லை.
பலகைக்குக் கீழே, சீமெந்துத் தரையில்,
ஈர விரலால் எழுதிக்கொண்டிருந்தாள்:
ஊற்று.
வெயில். முதல் எழுத்து காய்ந்துவிட்டது
கடைசி எழுத்து முடியுமுன்.
வாளிக்குள் விரலை நனைத்தாள். மறுபடியும் எழுதினாள்.
டெரன்ஸ் இரண்டு முறை ஹோன் அடித்தான்.

போத்தலில் கொண்டுவந்த நீர்
கறுத்தப்பாலத்தில் வெறும் நீர்.

திங்கட்கிழமை ஒரு காணி வழக்கு.
பழைய உறுதி, செல்லரித்த மூலைகள்.
கிழக்கே வீதி, தெற்கே வேலி,
வடக்கே எல்லை: ஊற்று.
யாருடைய ஊற்று, இப்போது இருக்கிறதா,
எவரும் கேட்கவில்லை.
நான் அடித்தேன்.
று விழுந்தபோது நொந்தது,
சனிக்கிழமை அளவுக்கு இல்லை.